ஏறுவதற்கு முன்னால்

(நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் சந்திப்பு விழாவில், பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரை. பேச்சு நடை அதிகம் மாற்றப்படாமல் இங்கே தரப்படுகிறது.)



சங்கச் செயலாளர் என்னிடம் போனில், "அமெரிக்காவிலேருந்து வர்றீங்க, ஏதாவது டெக்னாலஜி பத்திப் பேசுங்க" என்றார். "அதைப் பேச அங்கே பத்துப் பேர் இருப்பாங்க. நான் மலையைப் பத்திப் பேசறேனே" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "இருபது நிமிஷம்தான்" என்றார்.

இன்று காலை பழைய விடுதியைப் பார்க்கப் போனேன். நான் இருந்த அறையில் இப்போது இருக்கும் தம்பிகள், லீவில் எட்டுப் பேராக இமயமலைப் பக்கம் டிரெக்கிங் போகப்போவதாகச் சொன்னார்கள். "என்னப்பா தயார் பண்ணியிருக்கீங்க?" என்று கேட்டேன். "ஷூ வாங்கியாச்சு சார்" என்றார்கள். அதனால் இந்த இருபது நிமிஷத்தில் முக்கால்வாசி அந்த எட்டுப் பேருக்குத்தான். மற்றவர்கள் மன்னிக்க வேண்டும்.

நான் சொல்லப்போகும் இடம் கலிஃபோர்னியாவில், சியரா நெவாடா மலைத்தொடரில் உள்ள கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்கா. 1940-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் கார் போகும் சாலை ஓர் இடத்தில் முடிந்துவிடுகிறது. அந்த இடத்தின் பெயரே 'ரோட்ஸ் எண்ட்', அதாவது சாலையின் முடிவு. பெயர் வைக்கிறவர்களுக்கு அன்றைக்கு நேரமில்லை போலிருக்கிறது. அங்கிருந்து நடந்து புறப்பட்டு, ஓர் ஆற்றின் ஓரமாக ஏறி, ரே லேக்ஸ் என்ற ஏரிகளைப் பார்த்து, கிளென் பாஸ் என்ற கணவாயைத் தாண்டி, வேறொரு ஓடையின் ஓரமாக இறங்கினால், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரலாம். கோயில் பிரகாரம் சுற்றுகிற மாதிரி ஒரு சுற்று. சுமார் 41 மைல். சாலை முடிகிற இடம் 5,000 அடி உயரம். கணவாய் 12,000 அடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. நடுவில் கடையில்லை, போன் எடுக்காது, பாதியில் கைகாட்டி ஏறிக்கொள்ள பஸ்ஸும் கிடையாது.

இதை நான் இரண்டு முறை முயன்றேன். 2016-இல் முடிக்கவில்லை. 2018-இல் முடித்தோம். இரண்டுக்கும் நடுவில் நடந்ததுதான் என் பேச்சு.

முதல் முறை போனது மூன்று பேர். நான், என் வகுப்புத் தோழன் ஒருவன், அவனுடைய பத்தொன்பது வயது மகன். தோழனின் பெயரைச் சொல்ல மாட்டேன். இந்த அரங்கில் மூன்றாம் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். எல்லோரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்! அவன் அனுமதி கொடுத்துத்தான் பேசுகிறேன். "என்னைப் பத்தி நல்லதா நாலு வார்த்தையும் சேர்த்துக்கோ" என்றான். சேர்க்கிறேன்.

அப்போது எங்களுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. 1987-இல் இங்கே வேதியியல் முடித்தவர்கள். கல்லூரி நாட்களில் கொடைக்கானல், ஊட்டி எல்லாம் போயிருக்கிறோம். தொட்டபெட்டாவில் ஓடிப்பிடித்து விளையாடியிருக்கிறோம். அதனால் உயரம் என்றால் என்ன என்று நமக்குத் தெரியும் என்ற நினைப்பு. தெரியவே தெரியாது. தொட்டபெட்டா 2,637 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயர்ந்த சிகரமான ஆனமுடி 2,695 மீட்டர். நாங்கள் இரவு தூங்குவதாகத் திட்டமிட்டிருந்த ரே லேக்ஸ் ஏரிக்கரையே 3,200 மீட்டர். தமிழ்நாட்டையும் கேரளத்தையும் மட்டும் சுற்றிய ஒருவன், காற்று மெலிந்தால் உடம்பு என்ன செய்யும் என்பதைச் சந்தித்தே இருக்க மாட்டான். குளிரைத்தான் சந்தித்திருப்பான்.

அந்த வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து, கடல் மட்டத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து காரில் புறப்பட்டோம். நள்ளிரவுக்கு மேல் போய்ச் சேர்ந்து, மூன்று மணி நேரம் தூங்கி, காலையில் பெர்மிட்டை வாங்கிக்கொண்டு நடக்கத் தொடங்கினோம். முதுகில் ஆளுக்கு 19 கிலோ. என் பையில் இருந்தவற்றைச் சொன்னால் சிரிப்பீர்கள். எவர்சில்வர் டிபன் பாக்ஸ் ஒன்று, இரண்டாவது ஜீன்ஸ் ஒன்று, தேங்காய் எண்ணெய் பாட்டில், கெட்டி அட்டை போட்ட ஒரு நாவல். நாவலை நான் பிரிக்கவே இல்லை.

இந்தச் சுற்றை இரண்டு திசையிலும் போகலாம். கடிகார முள் சுற்றும் திசையில் போனால் ஏற்றம் மெதுவாக வரும். எதிர்த் திசையில் பப்ஸ் க்ரீக் ஓடை வழியாகப் போனால் சீக்கிரம் உயரம் ஏறிவிடும். எங்களுக்கு லீவு நான்கு நாள்தான். அதனால் சீக்கிரம் ஏறும் வழி. முதல் இரவு ஜங்ஷன் மெடோ என்ற புல்வெளியில், 8,000 அடியில். மறுநாள் கணவாயைத் தாண்டிவிடலாம் என்று கணக்கு. காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் பதினோரு மணி சுமாருக்கு என் தோழன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே நடந்தான். "என்னடா?" என்றேன். "ஒண்ணுமில்லடா. சமாளிச்சுக்கலாம்" என்றான். மதியம் சாப்பிடவில்லை. "பசிக்கலை, ஒண்ணுமில்ல" என்றான். மூன்று மணிக்கு மேகம் திரண்டது. கணவாய்க்குப் போகாமல், பாதையிலிருந்து பிரிந்து, கீழே இருக்கும் ஷார்லட் ஏரிக்கரையில் கூடாரம் போட்டோம். அது 10,400 அடி. அவன் வந்ததும் படுத்துவிட்டான். இரண்டு முறை வாந்தி. களைப்பு என்று நான் நினைத்தேன். சூப் வைத்துக்கொடுத்தேன்.

இருட்டிய பிறகு அவன் மகன் என்னிடம் வந்து, "அங்கிள், அப்பா ஏதோ மாதிரி பேசறார்" என்றான். போய்ப் பார்த்தால், ஷூ லேஸைக் கையில் வைத்துக்கொண்டு அதை என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான். இறுதித் தேர்வில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவன். பக்கத்துக் கூடாரத்தில் ஓர் அமெரிக்கப் பெண்மணி இருந்தார், நர்ஸ். ஓடிப்போய் அழைத்து வந்தேன். அவர் தரையில் ஒரு கோடு கிழித்தார். ஒரு காலின் பெருவிரலை அடுத்த காலின் குதிகால் தொடுகிற மாதிரி அடிமேல் அடி வைத்து நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் அவன் சாய்ந்தான். மகன் பிடித்துக்கொண்டான். அந்த அம்மாள் சொன்னது இவ்வளவுதான்: "காலைவரை காத்திருக்காதீர்கள். இப்போதே இறங்குங்கள்."

உயரத்தில் வரும் நோய் மூன்று படிகளாகத் தெரிகிறது. சாதாரணமாக வருவது தலைவலி, குமட்டல், அசதி, தூக்கமின்மை. அந்த நிலையில் மேலே ஏறாமல் அங்கேயே தங்கினால் பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். அதை மதிக்காமல் ஏறினால் மூளையில் நீர் கோக்கலாம். அப்போது நடை தள்ளாடும், பேச்சு குழறும், புத்தி தடுமாறும். அல்லது நுரையீரலில் நீர் கோக்கலாம். அப்போது சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் வரும், சில சமயம் சளியில் ரத்தம் கலந்து வரும். இந்த இரண்டும் ஆளைக் கொல்லும். ஆக்ஸிஜனும் ஊசியும் உதவும், ஆனால் முதல் வைத்தியம் கீழே இறங்குவது. மலையில் அது ஒன்றுதான் எல்லோரிடமும் இருக்கும் மருந்து.

அன்று இரவு ஒன்பதரைக்குப் புறப்பட்டோம். கொடுமை என்னவென்றால், அந்த ஏரியிலிருந்து கீழே இறங்க வேண்டுமானால், முதலில் முந்நூறு அடிக்கு மேல் ஏறி, பெரிய பாதையைப் பிடிக்க வேண்டும். தள்ளாடுகிறவனை மேலே ஏற்றினோம். மகன் முன்னால் பெல்ட்டைப் பிடித்து இழுத்தான். நான் பின்னால் இடுப்பைத் தள்ளினேன். கூடாரத்தை அப்படியே விட்டுவிட்டோம். தண்ணீர், கம்பளி, நெற்றியில் கட்டும் விளக்கு, அவ்வளவுதான். அந்த முந்நூறு அடிக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. வழியெல்லாம் அவன் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தான்: "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல."

நடுநிசி தாண்டி விடெட் புல்வெளிக்கு வந்தபோது, அது 9,500 அடி, அவன் முதல் முறையாகத் தண்ணீர் கேட்டுக் குடித்தான். விடிவதற்குள் ஜங்ஷன் மெடோவுக்கே இறங்கிவிட்டோம். காலை ஏழு மணிக்கு, "ஏண்டா நாம இங்க இருக்கோம்? கூடாரம் எங்கே?" என்று கேட்டான். மகன் ஒரு பாறைக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு வந்தான். எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். இதுவரை நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

நண்பர்களே, பிழைத்தது அதிர்ஷ்டம். பக்கத்துக் கூடாரத்தில் ஒரு நர்ஸ் இருப்பதை யாரும் திட்டமிட முடியாது.

அடுத்த ஒன்றரை வருஷம் மலைப் பேச்சை நாங்கள் எடுக்கவில்லை. அவன் வீட்டில் அவன் மனைவி என்னைப் பார்த்தால் காபி கொடுப்பார், பேச்சு குறைவு. நியாயம்தானே. 2018 பொங்கல் அன்று அவனே சொன்னான்: "இன்னொரு தடவை போகணும்டா. ஆனா இந்தத் தடவை ஒழுங்கா." நான் அவன் மனைவியைப் பார்த்தேன். அவர், "ஒழுங்கான்னா என்னன்னு எழுதிக் கொடுங்க. அப்புறம் பாக்கலாம்" என்றார்.

அன்று தொடங்கியது எட்டு மாதத் தயாரிப்பு. ஒவ்வொன்றையும் சொல்ல நேரமில்லை. முக்கியமானதைச் சொல்கிறேன்.

முதலில் கால். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மிஷன் பீக் என்று 2,500 அடி மலை இருக்கிறது. அந்த வட்டாரத்துத் தமிழர்கள் ஜனவரி முதல் தேதி ஏறிப் படம் எடுத்துக்கொள்ளும் மலை. அதில் சனிக்கிழமைதோறும் ஏறினோம். முதல் மாதம் வெறும் முதுகோடு. பிறகு பையில் பத்துப் பவுண்டு பொன்னி அரிசி மூட்டை ஒன்று. ஜூன் மாதம் இரண்டு மூட்டை. ஏறுவதற்குத்தான் பயிற்சி வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஏற்றம் மூச்சை வாங்கும், அவ்வளவுதான். முழங்காலையும் தொடையையும் வாங்குவது இறக்கம். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. பழகாத தசையில் அது நுண்ணிய கிழிசல்களை உண்டாக்கும். வலி மறுநாளும் அதற்கு மறுநாளும்தான் தெரியும். இதற்கு மாற்று ஒன்றே ஒன்று, இறங்கிப் பழகுவது. மலை இல்லாத ஊரில் இருப்பவர்கள் மாடிப்படியில் இறங்கலாம். லிஃப்டில் ஏறி, பாரத்தோடு படியில் இறங்குங்கள். பார்க்கிறவர்கள் நம்மைத் தலைகீழான ஆசாமி என்று நினைப்பார்கள். பரவாயில்லை.

ஷூவைப் பற்றி ஒரு வார்த்தை. தம்பிகளே, புது ஷூவோடு மலைக்குப் போகாதீர்கள். அதே ஷூ, அதே காலுறை, அதே பாரம், இவற்றோடு நூறு மைலாவது ஊரில் நடந்துவிடுங்கள். குதிகாலில் சூடு தெரிந்தவுடன் நின்று பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். கொப்புளம் வந்த பிறகு ஒட்டுவது இழவு வீட்டுக்குப் போய் நலம் விசாரிப்பது மாதிரி. ஜீன்ஸ் வேண்டாம், பருத்தி பனியனும் வேண்டாம். நம் ஊருக்கு அருமையான துணிதான் அது. மேலே நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.

பிறகு பாரம். 19 கிலோவை 13 ஆக்கினோம். நாவல் வீட்டிலேயே இருந்துவிட்டது.

சாப்பாட்டுக்கு வருவோம். நம்மவர்களுக்கு அதுதானே முக்கியம்! அந்தச் சுற்றில் கருப்புக் கரடிகள் உண்டு. அவை மனிதனைத் தேடி வருவதில்லை, சாப்பாட்டைத் தேடி வரும். ஆகவே உணவு முழுவதையும், பற்பசை, சோப்பு உட்பட வாசனையுள்ள எல்லாவற்றையும், கரடியால் திறக்க முடியாத கெட்டியான டப்பாவில் வைத்தாக வேண்டும் என்பது பூங்காவின் சட்டம். காலி டப்பாவே ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். ஏழு நாள் உணவு அதற்குள் அடங்க வேண்டும். முறுக்கு, பொரி இதெல்லாம் பாதி காற்று. உள்ளே போகாது. இரண்டாவது சிக்கல், 10,000 அடிக்கு மேல் தண்ணீர் 90 டிகிரி சுமாரிலேயே கொதித்துவிடும். 2016-இல் அரிசியும் துவரம்பருப்பும் எடுத்துப்போனோம். முதல் இரவில் 8,000 அடியிலேயே பருப்பு கல்லாக இருந்தது. குக்கரைச் சுமக்க முடியாது. இந்த முறை கெட்டி அவல், புளிக்காய்ச்சல், சத்துமாவு, வேர்க்கடலை, பேரீச்சம்பழம். அவலில் வெந்நீரை ஊற்றி மூடி வைத்தால் பத்து நிமிஷத்தில் புளி அவல். பக்கத்தில் பையைப் பிரித்து ரப்பர் மாதிரி நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்த வெள்ளைக்காரப் பையன்கள் இருவர் வாசனை பிடித்து வந்து, கொஞ்சம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் பெயரை எழுதிக்கொண்டு போனார்கள்.

பெர்மிட் விஷயத்தையும் லேசாக நினைக்காதீர்கள். அங்கே ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் அந்தப் பாதையில் புறப்படலாம் என்று கோடைக்காலத்துக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மாதக்கணக்கில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். நாங்கள் தயாராகிக்கொண்டிருந்த அந்த 2018 மார்ச்சில்தான் நம் தேனி மாவட்டத்தில், குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பலர் உங்கள் வயதுக்காரர்கள். அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் இல்லை. எந்த வழியில், எத்தனை பேர், எந்த நாள் திரும்புவார்கள் என்று வனத்துறையிடமும் வீட்டிலும் எழுத்தில் இருக்க வேண்டும். அனுமதிச் சீட்டு என்பது வரி கட்டிய ரசீது அல்ல. நம்மைத் தேட வேண்டி வந்தால் எங்கே தேடுவது என்பதற்கான காகிதம்.

இனி உயரம். காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு மேலேயும் அதே 21 சதவீதம்தான். குறைவது அழுத்தம். 12,000 அடியில் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்ஸிஜனும் அதே அளவு குறைகிறது. உடம்பு வேகமாக மூச்சு விட்டு ஈடுகட்டப் பார்க்கும். அப்படி விட்டால் கரியமிலவாயு அதிகமாக வெளியேறி, ரத்தம் காரத்தன்மை அடையும். மூளை, "போதும், மூச்சைக் குறை" என்று சொல்லிவிடும். சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியேற்றி இதைச் சமன் செய்ய நாட்கள் ஆகும். அந்த நாட்களைத்தான் நாம் கொடுப்பதில்லை. முன்வரிசையில் இருக்கும் எங்கள் சார் இதைப் பஃபர் கரைசல் என்று 1985-இல் நடத்தினார். அன்று எனக்குப் புரியவில்லை சார். ஷார்லட் ஏரிக்கரையில் புரிந்தது.

டாக்டரிடம் போனோம். இரத்த அழுத்தம், டிரெட்மில் பரிசோதனை எல்லாம் பார்த்தார். என் தோழனுக்கு முன்பே ஒரு முறை கடுமையாக வந்ததால் அசெட்டசோலமைடு மாத்திரை எழுதிக்கொடுத்தார். சிறுநீரகத்தின் அந்த வேலையை அது முடுக்கிவிடுகிறது. விரல் நுனி கூசும், அடிக்கடி சிறுநீர் வரும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். கடையில் நாமாக வாங்கி விழுங்குகிற மாத்திரை அல்ல. மாத்திரை இருக்கிறதே என்று வேகமாக ஏறவும் கூடாது.

பெரிய மாற்றம் திட்டத்தில்தான். திசையைத் திருப்பினோம். நான்கு நாளை ஏழாக்கினோம். நடக்கத் தொடங்குவதற்கு முன் கிராண்ட் குரோவ் என்ற இடத்தில், 6,600 அடியில், இரண்டு இரவு சும்மா தூங்கினோம். பிறகு பாரடைஸ் பள்ளத்தாக்கில் ஓர் இரவு, வுட்ஸ் க்ரீக்கில் 8,500 அடியில் ஓர் இரவு, இப்படிப் படிப்படியாக. 3,000 மீட்டருக்கு மேல் போன பிறகு, தூங்கும் இடம் முந்தின இரவைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. இத்தனைக்கும் மேலே, எந்த வேலையும் இல்லாத ஒரு நாளைச் சேர்த்து வைத்தோம். அந்த நாளுக்கும் டப்பாவில் சாப்பாடு இருந்தது.

கடைசியாக அந்த எழுத்து. அவன் மனைவி கேட்டாரே, அது. ஆகஸ்டு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் எழுதினோம். ஒரே பக்கம். தினமும் காலையும் மாலையும் ஒருவரை ஒருவர் கேட்க வேண்டும்: தலைவலி, குமட்டல், அசதி. பூஜ்யத்திலிருந்து மூன்றுவரை எண் சொல்ல வேண்டும். 'ஒண்ணுமில்ல' என்ற பதில் செல்லாது. தலைவலியோடு வேறு எது சேர்ந்தாலும் அன்றைக்கு ஏற்றம் கிடையாது. மறுநாள் குறையவில்லையென்றால் இறக்கம். நடை தள்ளாடினால் எந்த நேரமானாலும் இறக்கம். பன்னிரண்டு மணிக்குள் கணவாய்க்குப் போக முடியாவிட்டால் திரும்ப வேண்டும், பிற்பகலில் இடி மின்னல் வரும். மூவரில் ஒருவர் திரும்பலாம் என்றால் திரும்ப வேண்டும், ஓட்டெடுப்பு கிடையாது. மூவரும் கையெழுத்துப் போட்டோம். சாட்சியாக அவன் மனைவி. அந்த அம்மாள் முதல் முறையாக அன்று என்னிடம், "இன்னொரு இட்லி வைக்கட்டுமா?" என்றார்.

தம்பிகளே, இதை ஏன் ஊரிலேயே எழுத வேண்டும் என்றால், மேலே எழுத முடியாது. மூளைக்கு ஆக்ஸிஜன் குறையும்போது முதலில் போவது முடிவெடுக்கும் புத்திதான். போய்விட்டது என்பதும் தெரியாது. அதோடு நம் சுபாவம் ஒன்று இருக்கிறது. மெஸ்ஸில் சாம்பார் சரியில்லையென்றால் ஊரைக் கூட்டுவோம். உடம்பு சரியில்லையென்றால் நண்பர்கள் முன்னால் வாயைத் திறக்க மாட்டோம். கூட வருகிறவனுக்குத் தொல்லை கொடுக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். அந்த நல்ல எண்ணம் 2016-இல் என் தோழனைக் கொல்லப் பார்த்தது.

ஆகஸ்டு கடைசி வாரம் புறப்பட்டோம். பாரடைஸ் பள்ளத்தாக்கின் மேல்கோடியில் இருந்த பாலம் 2016-17 குளிர்காலத்தில் அடித்துக்கொண்டு போயிருந்தது. கோடைத் தொடக்கத்தில் அந்த ஆறு ஆளை இழுக்கும். கோடைக் கடைசி என்பதால் முழங்கால் தண்ணீர்தான். பையின் இடுப்பு வாரைத் தளர்த்திக்கொண்டு, ஒவ்வொருவராகக் கோல் ஊன்றிக் கடந்தோம். மாதத்தைத் தேர்ந்தெடுத்ததும் தயாரிப்புதான்.

நான்காம் நாள் மாலை ஆரோஹெட் ஏரிக்கரை, 10,300 அடி. எதிரே ஃபின் டோம் என்ற பாறைச் சிகரம் மீனின் துடுப்பு மாதிரி நிற்கும். எனக்குத் தலை வலித்தது. என் தோழனுக்கு அல்ல, எனக்கு. வயிற்றையும் புரட்டியது. அவன் மாத்திரை புண்ணியத்தில் ஜம்மென்று அவல் கிளறிக்கொண்டிருந்தான். நான் கூடாரத்துக்குள் படுத்துக்கொண்டு அரை மணி நேரம் யோசித்தேன். என்ன யோசனை தெரியுமா? தண்ணீர் குறைவாகக் குடித்தேன், அதனால் வலிக்கிறது, காலையில் சரியாகிவிடும், இதைப் போய்ச் சொல்லி ஏன் ஒரு நாளைக் கெடுக்க வேண்டும்? இவ்வளவு கற்ற பிறகும், இந்தக் கையால் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்ட பிறகும், 'ஒண்ணுமில்ல' என்ற சொல் என் நாக்கு நுனியில் வந்து நின்றது.

அவன் மகன் தாளை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தான். இருபத்தொரு வயது. அதே நெற்றி விளக்கு. "அங்கிள், நம்பர் சொல்லுங்க" என்றான்.

அவன் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை. "தலைவலி ரெண்டு. குமட்டல் ஒண்ணு" என்றேன்.

எழுதிக்கொண்டான். வெளியே போய் அப்பாவிடம் சொன்னான். அவன், "சரி, நாளைக்கு இங்கேயே. நான் மீன் பிடிக்கிறவங்களை வேடிக்கை பாக்கறேன்" என்றான். அவ்வளவுதான். யாரும் முகம் சுளிக்கவில்லை. மறுநாள் முழுக்க ஏரிக்கரையில் படுத்திருந்தேன். மாலைக்குள் தலைவலி பூஜ்யம். பூஜ்யம் என்று சொன்னபோது பையன் இரண்டு முறை கேட்டான்.

அதற்கடுத்த நாள் ரே லேக்ஸ். அதற்கும் அடுத்த நாள் அதிகாலையில் புறப்பட்டு, பத்தே முக்காலுக்கு கிளென் பாஸ் உச்சியில் நின்றோம். கத்தி முனை மாதிரி குறுகலான முகடு. இந்தப் பக்கம் நாங்கள் தூங்கிய ஏரிகள், அந்தப் பக்கம் கல். அங்கே நின்றது பதினைந்து நிமிஷம் இருக்கும். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படங்களை வெளியே பலகையில் ஒட்டியிருக்கிறார்கள், பாருங்கள்.

இறங்கி வரும்போது ஷார்லட் ஏரிக்குப் பிரியும் பாதை வந்தது. மூவரும் தன்னால் நின்றுவிட்டோம். கீழே மரங்களுக்கு நடுவில் ஏரி தெரிந்தது. என் தோழன் அந்த ஏற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மகனிடம் கேட்டான்: "இந்த மேட்டுலயாடா என்னைத் தள்ளிக்கிட்டு வந்தீங்க?"

"ஆமாப்பா."

"எனக்கு எதுவுமே ஞாபகம் இல்ல. நான் ஏதாவது பேசினேனா?"

பையன் என்னைப் பார்த்தான். நான், "பேசிக்கிட்டேதான் வந்தே. ஒரே வார்த்தை" என்றேன். என்ன வார்த்தை என்று அவன் கேட்கவில்லை.

விடுதித் தம்பிகள் எட்டுப் பேரும் தேநீர் இடைவேளையில் என்னை வந்து பாருங்கள். அந்தத் தாளின் நகல் கொண்டுவந்திருக்கிறேன். பேனாவும் இருக்கிறது. செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார்.